பழைய கார் வாங்கியாச்சு: ஒர்க் ஷாப் தந்த பட்டியலில் எதைச் செய்வது, எதை விடுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் மண்டபத்தில் 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வாங்கியிருக்கிறார். மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர். முன்பு வைத்திருந்தவர் மீன் வியாபாரி. சர்வீஸ் புத்தகம் கிடையாது. ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டியதில் கிளட்ச் செட் 13,000, சஸ்பென்ஷன் முழுவதும் 17,500, நான்கு டயர் 19,000, இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை) கிளீனிங் 6,000, இன்ஜின் டீகார்பனைசிங் (உள்ளே படிந்த கரியை நீக்குவது) 3,500, ஏசி 8,500, அடிப்பக்கம் ஆன்டி ரஸ்ட் கோட்டிங் 5,500, பேட்டரி 5,000 என்று மொத்தம் 78,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தம்பி கையில் இருப்பது 30,000. எதைச் செய்வது, எதை விடுவது, பேசாமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

தம்பி, அந்தப் பட்டியலில் இருப்பதைவிட இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது. பிரேக் பற்றி ஒரு வரி இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் இல்லை. இன்ஜின் ஆயில்கூட இல்லை. கடலோரத்தில் பத்து வருஷம் நின்ற வண்டிக்கு டீகார்பனைசிங் எழுதத் தெரிந்தவர் பிரேக் ஆயிலை விட்டிருக்கிறார் என்றால், வண்டியை லிஃப்டில் ஏற்றாமலே எழுதியிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் தாண்டி வருகிற எல்லா வண்டிக்கும் கை தானாக எழுதும் பட்டியல் அது.

ஒரு பாகத்தை இப்போதே மாற்றணுமா என்று முடிவு செய்ய நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இது சொல்லிவிட்டுக் கெடுமா, சொல்லாமல் கொள்ளாமல் கைவிடுமா? கிளட்ச் மாதக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் போகும். ஏசி குளிர் குறைந்து சொல்லும். ஷாக் அப்சார்பர் ஒவ்வொரு பள்ளத்திலும் புலம்பும். ஆனால் துருப்பிடித்த பிரேக் பைப், சக்கரத்தைப் பிடித்திருக்கும் தேய்ந்த பால் ஜாயின்ட், வயசான டயர், பெல்ட் போட்ட இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் இவையெல்லாம் நேற்று வரை நன்றாக இருந்து இன்றைக்குப் போய்விடும். பணம் குறைவாக இருக்கும்போது அது முதலில் இந்த இரண்டாவது வகைக்குத்தான் போக வேண்டும். சத்தம் போடுகிற பாகம் கவனத்தை இழுக்கும், அதனால் அதற்கே செலவு செய்துவிடுவோம். பேசாமல் இருக்கிற பாகம்தான் ஆபத்து.

நம் கரையில் உப்பு இந்த இரண்டாவது வகையில் இன்னும் சிலவற்றைச் சேர்த்துவிடும். மழையே இல்லாத மாதத்திலும் இங்கே இரும்பு நனைந்துகொண்டுதான் இருக்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு கீழே, 33 சதவீத வாக்கிலேயே ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் ராத்திரி 75-ஐத் தாண்டுவது சாதாரணம். அதாவது வண்டியின் அடியில் படிந்த உப்புத் தூசு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீராக இருந்து, பகலில் காய்ந்து, மறுபடி ராத்திரி தண்ணீராகிறது. மண்டபம் வடக்கே பாக் விரிகுடாவுக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஊர். வாடைக் காற்றில் ஒரு பக்கத்து உப்பு, தென்மேற்குக் காற்றில் மறுபக்கத்து உப்பு. உங்கள் வண்டிக்கு ஓய்வான மாதம் என்று ஒன்று இருந்திருக்காது. திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ ஓடிய ஸ்விஃப்டுக்கு ஒருவர் சொல்லும் யோசனையை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே ஒரு வேலை பாருங்கள். டிக்கியைத் திறந்து, மேட்டை எடுத்து, ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வையுங்கள். மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்று நீங்களே சொல்கிறீர்கள். ஐஸ் உருகிய தண்ணீர் மேட்டுக்குக் கீழே இறங்கி நேராக அந்த ஸ்டெப்னி குழிக்குத்தான் போயிருக்கும். குழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைச் சுற்றிப் பாருங்கள். பழுப்பாகப் பூத்திருந்தால் துணியால் துடையுங்கள். துடைத்ததும் அடியில் கெட்டித் தகடு தெரிந்தால் அது மேல் துரு, பயமில்லை. பொரி பொரியாக உப்பி, இலை இலையாகக் கழன்று வந்தால் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். அரித்த தகடு பொத்தென்று சத்தம் போடும். அப்புறம் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, பெயின்டும் துருவும்தான் இருக்கிறது.

ஸ்டெப்னி குழி ஓட்டை என்றால் மனசு உடைய வேண்டாம். ஒரு டிங்கரிடம் தகடு வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம், வண்டியின் பலத்தை அது பெரிதாகப் பாதிக்காது. ஆனால் இதே தட்டிப் பார்க்கும் சோதனையைக் கதவுக்குக் கீழே ஓடும் பாக்ஸ் பகுதியிலும், பின் சக்கரத்தின் உள் வளைவிலும், பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் தெரியும் ஷாக் அப்சார்பர் தலைப்பகுதியிலும், பின் ஆக்சில் பாடியோடு சேரும் இடத்திலும் செய்ய வேண்டும். இந்த இடங்கள்தான் வண்டியின் எலும்பு. வெளியே இருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கலாம். சின்ன காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிவிளிம்பில் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி வைத்து மெழுகியிருக்கிறார்கள்.

இப்போது அந்தக் கோட்டிங் சமாச்சாரம். பட்டியலில் நான் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற முதல் வரி அதுதான். கடலோர வண்டிக்கு அடிப்பக்கம் கோட்டிங் நல்லதுதானே என்று கேட்பீர்கள். புது வண்டிக்கு நல்லது. துருப் பிடிக்க ஆரம்பித்த வண்டிக்கு, அதை முழுக்கச் சுரண்டி, உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, எலும்பு மாதிரி காயவைக்காமல் மேலே தார் போன்ற கறுப்புக் கோட்டிங்கை அடித்தால், உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். உள்ளே அரிப்பது தொடரும், வெளியே தெரியாது. பல இடங்களில் கோட்டிங் அடிக்கிற கையோடு கதவின் அடியிலும் பாக்ஸ் பகுதியிலும் தண்ணீர் வடிவதற்கு விட்டிருக்கும் சின்ன ஓட்டைகளையும் அடைத்துவிடுகிறார்கள். அடுத்த மழையில் தண்ணீர் உள்ளேயே தேங்கும். இன்னொன்று, பழைய வண்டி வாங்கப் போகும்போது அடிப்பக்கம் மட்டும் புதுக் கறுப்பாக மின்னினால் சந்தோஷப்படாதீர்கள். எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கெட்டியாகத் தட்டிப் பாருங்கள்.

அதற்குப் பதில் செய்ய வேண்டியது மலிவானது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பிரஷர் வாஷ் செய்யச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரில் என்று அழுத்திச் சொல்கிறேன். நம் பக்கம் பாதி வாட்டர் வாஷ் கடைகளில் போர்வெல் உவர் தண்ணீர்தான் ஓடுகிறது. குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊரில் காருக்கு நல்ல தண்ணீரா என்று வீட்டில் கேட்பார்கள்தான். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வண்டியை மூடி வைக்காமல் நல்ல ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள், அடியில் இருக்கும் உப்பை மழைத் தண்ணீர் சும்மாவே கழுவித் தரும். தேங்கி நிற்கும் தண்ணீரில் மட்டும் இறக்க வேண்டாம். காய்ந்த பிறகு துருப் பிடித்த இடங்களை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருவை மாற்றும் ரசாயனம் பெயின்ட் கடையில் கிடைக்கும், அதைத் தடவி, மேலே பிரைமர் அடித்துவிட்டால் இந்த வருஷத்துக்குப் போதும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்விட்டு வந்தால் அன்றைக்கே கழுவிவிடுங்கள். விருந்தாளி வந்தால் போகாமலும் இருக்க முடியாது.

இனி பிரேக். இதுதான் உங்கள் முதல் செலவு.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155. மலைப்பாதையில் இறங்குகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். நம் மாவட்டம் பலகை மாதிரி தட்டை, இங்கே ஆயில் கொதிப்பது அபூர்வம். நம் பிரச்சினை வேறு. அந்த ஈரம் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் காலிப்பரையும் வீல் சிலிண்டரையும் உள்ளே இருந்து அரிக்கும், உப்பு பைப்பை வெளியே இருந்து அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கேள்வியே இல்லை, மாற்றிவிடுங்கள்.

லிஃப்டில் வண்டி இருக்கும்போது நீங்களும் கூடவே கீழே போய் நில்லுங்கள். பானட்டுக்குள் இருந்து பின் சக்கரம் வரைக்கும் பென்சிலைவிட மெல்லிய இரும்புப் பைப்புகள் தரையை ஒட்டி ஓடும். அவற்றைப் பிளாஸ்டிக் கிளிப்பில் அழுத்தி வைத்திருப்பார்கள். பைப்பின் நடுப்பகுதி நன்றாகத்தான் இருக்கும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் உப்புச் சேறு சேர்ந்து ஈரம் காயாமல் கிடக்கும். மெக்கானிக்கிடம் சொல்லிக் கிளிப்பைத் திறந்து துணியால் துடைக்கச் சொல்லுங்கள். நிறம் மாறியிருந்தால் பரவாயில்லை. குழி குழியாகச் சொரசொரப்பாக இருந்தால், அல்லது கையில் பிசுபிசுவென்று ஈரம் பட்டால், அந்தப் பைப்பை முழுநீளம் மாற்ற வேண்டும். நடுவில் வெட்டி ஒட்டுப்போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காயலாங்கடையில் கதவுக் கண்ணாடி வாங்கலாம், டிக்கி மூடி வாங்கலாம். பிரேக் சாமான் எதுவும் அங்கே வாங்கக் கூடாது.

அரித்த பைப் சும்மா நிற்கும்போது உடையாது. நீங்கள் முழு பலத்தோடு மிதிக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் உச்சத்துக்குப் போகும், அப்போதுதான் பிளக்கும். பிரேக் பைப்புகளை இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்து வைத்திருப்பதால் பிரேக் முழுசாகப் போய்விடாது, பாதி போகும். ஈசிஆர் ரோட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வரும்போது பாதி பிரேக் போதாது. வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று: இன்ஜின் ஓடும்போது பெடலைப் பலமாக மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கேயோ கசிகிறது, அல்லது பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விடுகிறது. அப்படியானால் ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பின் சக்கரத்தில் டிரம் பிரேக். நான்கு வீலையும் கழற்றும்போது டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். வீல் சிலிண்டர் ரப்பருக்கு அடியில் ஈரம் தெரிந்தால் சிலிண்டரை மாற்றணும், சின்னச் செலவுதான். ஹேண்ட் பிரேக் கேபிள் கடலோர வண்டிகளில் உள்ளே துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். இழுத்தால் பிடிக்கும், விட்டால் விடாது. சமதரையில் வண்டியை ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போவது நம் ஊருக்கு நல்ல பழக்கம்.

டயருக்கு வருவோம். நான்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் (தரையில் படும் வரிகள்) நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பத்து வருஷ டயரில் ஓடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம், குறைவாக ஓடும் வண்டிகளில் இது சகஜம். ரப்பர் வெயிலில் காய்ந்து பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது குப்பை. ஆறு வருஷம் தாண்டியதைச் சந்தேகத்தோடு பாருங்கள், பத்து தாண்டியதைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பட்டனுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். மழைக்காலத்துக்கு நான் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்ப்பேன்.

சீமைக் கருவேல முள் குத்தி ஒட்டுப்போட்ட டயரா என்றும் பாருங்கள். நடுப்பட்டனில் ஒட்டு இருந்தால் பரவாயில்லை, பக்கவாட்டில் ஒட்டு இருந்தால் அந்த டயர் வேண்டாம். நான்கில் இரண்டு மட்டும் மோசம் என்றால் இரண்டு வாங்குங்கள், உங்கள் பட்டியல் கணக்கிலேயே 9,500 ரூபாய் மிச்சம். அந்த இரண்டு புதுசையும் பின்னால் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முன்னால் போடத்தான் கையை நீட்டுவார். முன் டயர் நழுவினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஈர ரோட்டில் பின் டயர் நழுவினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைத் திருப்பிக்கொண்டு வர முடியாது. அதனால் நல்ல பிடிப்பு பின்னால் இருக்க வேண்டும்.

சஸ்பென்ஷன் முழுவதும் 17,500 என்பதைப் பிரித்துக் கேளுங்கள். எந்தப் பாகம், எந்தப் பக்கம், என்ன கோளாறு? முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும், அப்புறம் இடமும் வலமும் பிடித்து ஆட்ட வேண்டும். மேல் கீழாக ஆட்டும்போது டக் என்று தளர்வு தெரிந்தால் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடம் வலமாக ஆட்டும்போது தெரிந்தால் டை ராட் எண்ட். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கி உள்ளே போய்விடும், டை ராட் கழன்றால் ஸ்டீயரிங் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். இவற்றில் ஆட்டம் இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் உள்ளே மணலும் உப்பும் போயிருக்கும், அதற்கும் ஆயுசு குறைவு. மற்றபடி லிங்க் ராட், புஷ், ஷாக் அப்சார்பர் இவை சத்தம் போட்டுக்கொண்டே இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்திருந்தால் ஜோடியாக மாற்றணும், ஆனால் இந்த மாதமே வேண்டாம். ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதை மாற்றினாலும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

இன்ஜினில் எனக்கு முதலில் கூலன்ட்தான். வண்டி ஆறியிருக்கும்போது ரிசர்வாயர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே பச்சையோ சிவப்போ தெளிவான நிறம் இருந்தால் நல்லது. டீ மாதிரி பழுப்பாக இருந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். அந்த உவர் தண்ணீர் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பு படியவைக்கும், அலுமினிய ஹெட்டை அரிக்கும். முழுசாக வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கம்பெனி சொல்லும் கூலன்ட் ஊற்றுங்கள். அதே கையோடு இரண்டு விஷயம் கேளுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா? நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு என்று கழற்றிப் போடுகிற பழக்கம் இங்கே உண்டு. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, டீசல் அதிகம் குடிக்கும். ஃபேன் தானாக ஓடுகிறதா, சுவிட்ச் போட்டு டைரக்டாகக் கொடுத்திருக்கிறார்களா? டைரக்டாக இருந்தால் யாரோ ஒரு சூடேறும் பிரச்சினையைச் சரிசெய்யாமல் மூடி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத் தேடிப்பிடிக்க வேண்டும்.

இன்ஜின் ஆயில், ஆயில் பில்டர், ஏர் பில்டர், டீசல் பில்டர் நான்கும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். சரித்திரம் தெரியாத வண்டிக்கு அன்றைய தேதியை முதல் தேதியாக வைத்துக்கொள்வதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. இன்ஜின் ஃப்ளஷ் என்று ஒரு பாட்டில் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். பல வருஷக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஆயில் வலையை அடைத்தால் இன்ஜினே போகும். இப்போது நல்ல ஆயில் ஊற்றி, 3,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றினால் அதுவே மெதுவாகச் சுத்தம் செய்துவிடும்.

உங்கள் ஸ்விஃப்ட் டீசலில் டைமிங் செயின்தான், பெல்ட் இல்லை. அது ஒரு நிம்மதி. ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் நீண்டுபோகும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் கரகரவென்று சில விநாடி சத்தம் வந்தால் அதுதான். அப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இதைப் படிக்கிற வேறு யாராவது ஆல்டோ 800, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல், பழைய 2.5 லிட்டர் இன்னோவா வாங்கியிருந்தால் அவற்றில் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது அறுவதற்கு முன் எந்த அறிகுறியும் காட்டாது.

கிளட்ச்சைச் சோதிக்க நம் தட்டை ஊரில் இடம் குறைவு. சமதரையில் எல்லாக் கிளட்ச்சும் நல்ல கிளட்ச்தான். பாம்பன் ரோடு பாலத்தின் ஏற்றத்தில் நான்காவது கியரில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. வண்டி இழுத்துக்கொண்டு போனால் 13,000 ரூபாய் பத்திரமாக உங்கள் பையில் இருக்கட்டும். பாலத்தில் பக்கவாட்டுக் காற்று எப்போதும் இருக்கும் என்பதால் ஸ்டீயரிங் தளர்வும் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு ஒரு காரணம் வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது, ஐடிலில் உதறுவது, கறுப்பாகவோ வெள்ளையாகவோ புகை தள்ளுவது. இவற்றில் ஒன்றும் இல்லாத வண்டிக்குச் செய்வது வீண். டீகார்பனைசிங் அப்படியே அடித்துவிடுங்கள். பேட்டரியைச் சும்மா மாற்றாதீர்கள், முழு சார்ஜ் ஏற்றி ஒரு ராத்திரி விட்டு மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் வாக்கில் நின்றால் உயிர் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டரும் சரி. டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் வெந்நீரில் கழுவி, இறுக்கி, வாசலின் தடவுங்கள். கடலோரத்தில் பேட்டரி செத்துவிட்டது என்று மாற்றுவதில் பாதி டெர்மினல் பிரச்சினைதான்.

ஏசிக்கு கேஸ் ஏற்ற மட்டும் சம்மதிக்காதீர்கள். கண்டென்சர் வண்டியின் மூக்கிலேயே இருக்கிறது. உப்புக்காற்றில் அதன் அலுமினிய இதழ்கள் விரல் பட்டால் பொடியாக உதிரும் நிலைக்கு வந்துவிடும், அங்கேதான் கேஸ் கசியும். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துக் கசிவைக் கண்டுபிடித்த பிறகுதான் கேஸ். அதுவும் பங்குனி வரை தள்ளிப்போடலாம், இப்போதைக்குக் கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள்.

காசே செலவாகாத ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி, உங்கள் மாடலில் இருந்தால் ஏபிஎஸ், ஏர்பேக் லைட் எல்லாம் எரிய வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டுகள் சில விநாடியில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், விற்பவர் யாரோ லைட்டையே பிடுங்கியிருக்கிறார்கள். இதோடு முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி வெள்ளம் பார்த்திருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மூழ்கிய வண்டிகளும், 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது நனைந்த வண்டிகளும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒயரிங் கனெக்டர் ஒவ்வொன்றாகப் பச்சை பிடிக்கும், எத்தனை மாற்றினாலும் தீராது.

பணக் கணக்கு இப்படி வரும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும் கூலி, அடிப்பக்கம் கழுவுதல், பிரேக் ஆயில், கூலன்ட், இன்ஜின் ஆயில், பில்டர்கள் எல்லாம் சேர்த்து 10,000 முதல் 12,000 வரை வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும். தேவைப்பட்டால் இரண்டு டயர் 9,500. மீதி எட்டரை முதல் பத்தரை ஆயிரத்தைப் பிரேக் பைப், வீல் சிலிண்டர், பால் ஜாயின்ட் இவற்றில் எது தட்டுப்படுகிறதோ அதற்கு வைத்திருங்கள். எதுவும் தட்டுப்படாவிட்டால் தொடாதீர்கள், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஏதாவது ஒன்று தலைகாட்டும். பட்டியல் போட்ட அதே இடத்தில் மறுபரிசோதனை வேண்டாம், வேறு மெக்கானிக்கிடம் பழைய பட்டியலைக் காட்டாமல் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றுகிற ஒவ்வொரு பழைய பாகத்தையும் கையில் வாங்கிப் பாருங்கள்.

சொல்ல மறந்தால் அப்புறம் வருத்தம்: இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், வண்டியின் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி ஆர்டிஓ வேலையையும் முடியுங்கள். நடுவில் உரசினால் பழைய பெயரில் இருக்கும் பாலிசியில் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டீர்களே, அதற்கு ஸ்க்ரூ டிரைவர்தான் பதில் சொல்லும். முன் ஷாக் அப்சார்பர் தலைப்பகுதியிலோ, பின் ஆக்சில் பாடியோடு சேரும் இடத்திலோ, கதவுக்குக் கீழே உள்ள பாக்ஸிலோ முனை உள்ளே இறங்கினால், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் போட்டோ எடுத்துக்கொண்டு மண்டபத்துக்காரரிடம் போய்ப் பேசுங்கள். அங்கே வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவர் திரும்ப எடுக்க மறுத்தால், பாதி விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். அந்த மூன்று இடமும் கெட்டியாக இருந்தால் வண்டி உங்களுடையது, பிரேக்கைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.